இரண்டு வால்வும் ஓர் இலவம்பஞ்சு மெத்தையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் படிப்பெல்லாம் கிடையாது. சால்டரிங் அயர்ன் பிடிப்பேன், மல்டிமீட்டர் பார்ப்பேன், அவ்வளவுதான். வீட்டு ஸ்பீக்கருக்கு ஒரு ஹைப்ரிட் ஆம்ப்ளிஃபையர், அதாவது பாதி பழங்காலக் கண்ணாடி வால்வும் பாதி டிரான்சிஸ்டரும் சேர்ந்த ஆம்ப், வாங்குகிறேன் என்று ஒன்றரை வருஷம் அலைந்தேன். அதில் பாதி அலைச்சல் தேவையே இல்லாதது. அதே கிறுக்கு பிடித்து இப்போது யாராவது அலைந்துகொண்டிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் காசும் பெட்ரோலும் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நங்கநல்லூரில் எங்கள் ஹால் 12க்கு 14 அடி. தரை முழுக்க வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ், மூன்று பக்கம் பூச்சுச் சுவர், நான்காவது பக்கம் பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு. அதில் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், பாஸுக்கு ஆறரை இஞ்ச் ஊஃபர், மேல் ஸ்தாயிக்கு உலோக டோம் ட்வீட்டர். காகிதத்தில் 86 டெசிபெல், 6 ஓம், குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருந்தது. அந்த எண்களை வாங்கும்போது நான் படிக்கக்கூட இல்லை. பழைய இன்டகிரேட்டட் ஆம்ப்பில் மாட்டிக் கேட்டேன். பாஸ் பரவாயில்லை, குரல் தெளிவு, ஆனால் வயலின் மேல் ஸ்தாயிக்கு ஏறினால் காதுக்குள் ஊசி ஏற்றுவதுபோல இருந்தது. சமையலறையிலிருந்து மனைவி, "என்னங்க, பாட்டு கேக்குறீங்களா, தகரத்தைத் தேய்க்கிறீங்களா?" என்றாள். கேட்டதில் தப்பில்லை.

விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: வால்வு போடுங்க, வார்ம் சவுண்ட் வரும். ஹைப்ரிட் என்றால் இன்னும் நல்லது, வால்வின் இனிமையும் டிரான்சிஸ்டரின் சக்தியும் சேர்ந்து கிடைக்கும். கேட்கும்போதே நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி ஒரு வாக்கியம்.

வால்வு எனக்குப் புதுசு கிடையாது. அம்பாசமுத்திரத்தில் என் பெரியப்பா 70-களில் ஒலிபெருக்கி நிலையம் வைத்திருந்தார். ஈஎல்34 வால்வு போட்ட ஆம்ப், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரிக்கார்டு பிளேயர். கோயில் கொடையில் பந்தலுக்குப் பின்னால் அந்தப் பெட்டி சிவந்து எரிந்துகொண்டிருப்பதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அவருக்குப் போன் போட்டு, "பெரியப்பா, வால்வு ஆம்ப் வாங்கலாம்னு இருக்கேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏலே, அந்த வால்வத் தொலைக்கதுக்குத்தானல நாங்க டிரான்சிஸ்டர் செட்டே வாங்குனோம். மாட்டு வண்டி ஒரு பள்ளத்துல எறங்குனா ஒரு வால்வு போச்சு. அதப் போயி காசு கொடுத்து வாங்குதேங்கியா?" என்றார். நான் ஏதோ சமாளித்து வைத்தேன்.

முதல் தப்பு, அவசரத்தில் ஆன்லைனில் ஒரு குட்டிப் பெட்டி வாங்கியது. உள்ளங்கை அளவு, மேலே இரண்டு கண்ணாடி வால்வு, உள்ளே கிளாஸ் டி சிப் (அதிகம் சூடாகாமல் சிக்கனமாக ஓடும் டிரான்சிஸ்டர் ஆம்ப் வகை), புளூடூத் உண்டு. கம்பெனி எது என்பது வேண்டாம், அதேபோல இருபது பேர் விற்கிறார்கள். ஸ்விட்சைப் போட்டதும் வால்வு இரண்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நாள் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. பெரியப்பாவின் ஆம்ப் இப்படிப் போட்டவுடன் எரியாதே! உண்மையான வால்வுக்குள் ஹீட்டர் இழை சூடாகிச் சிவக்கப் பத்திருபது விநாடியாவது ஆகும், அதற்குப் பிறகுதான் பாட்டு வரும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். வால்வுக்கு அடியில், சாக்கெட்டின் நடு ஓட்டையில், ஒரு சின்ன எல்இடி. அந்த ஆரஞ்சு வெளிச்சம் முழுக்க அதுதான். வால்வின் சொந்த வெளிச்சம் மங்கலாக, பீடி நுனி மாதிரி, உள்ளே எங்கேயோ ஒளிந்திருந்தது. வால்வு வேலை செய்யவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஏதோ செய்தது. ஆனால் இந்த வகை வால்வுக்கு நூறு, இருநூறு வோல்ட் கொடுத்தால்தான் அது தன் சுபாவப்படி பாடும். இதுபோன்ற மலிவுப் பெட்டிகள் பலவற்றில் கிடைப்பதைக் கொண்டு பன்னிரண்டிலிருந்து முப்பது வோல்ட்டுக்குள் ஒப்பேற்றிவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் விற்கிறவரிடம் "வால்வுக்கு எத்தனை வோல்ட் போகிறது?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் அவர் சரக்கு தெரிந்தவர். முழித்தால் வெளிச்சத்தை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஒரு ஆம்ப்புக்குள் இரண்டு வேலை நடக்கிறது. போனிலிருந்தோ சிடி பிளேயரிலிருந்தோ வரும் சின்ன சிக்னலைப் பெரிதாக்குவது ஒன்று, அது முன்பகுதி. அந்தப் பெரிதாக்கிய சிக்னலுக்கு ஸ்பீக்கரைத் தள்ளும் அளவுக்குக் கரண்ட் கொடுப்பது இன்னொன்று, அது பவர் பகுதி. முழு வால்வு ஆம்ப்பில் இரண்டையும் வால்வே செய்யும், கடைசியில் கனமான ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஹைப்ரிட்டில் முன்பகுதியில் மட்டும் 12ஏஎக்ஸ்7, 12ஏயூ7 அல்லது 6டிஜே8 மாதிரி சின்ன வால்வு. பவர் பகுதி சாதாரண டிரான்சிஸ்டர், அதன் இன்னொரு வகையான மாஸ்ஃபெட், இல்லையென்றால் கிளாஸ் டி.

இதில் எனக்கு யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. வால்வு ஆம்ப்பின் கதகதப்பு என்று நாம் சொல்வதில் பெரிய பங்கு அந்தப் பின்பகுதியிலிருந்து வருகிறது. வால்வு பவர் ஆம்ப்பின் அவுட்புட் தடை அதிகம், 2 ஓம்கூட இருக்கலாம். ஸ்பீக்கரின் தடையோ எல்லா ஸ்தாயியிலும் ஒரே மாதிரி நிற்காது, ஓரிடத்தில் 4 ஓம், பாஸில் ஓரிடத்தில் 20 ஓம் என்று மேடும் பள்ளமுமாகப் போகும். கணக்குப் போட்டால், 20 ஓம் இருக்கும் இடத்தில் 4 ஓம் இடத்தைவிடச் சுமார் இரண்டரை டெசிபெல் சத்தம் கூடுதலாக வரும். அதாவது பாஸ் கொஞ்சம் பருக்கிறது, சில இடங்கள் அடங்குகின்றன. யாரோ ரகசியமாக டோன் கன்ட்ரோலைத் திருகிவிட்ட மாதிரி. ஹைப்ரிட்டில் கடைசியில் நிற்பது டிரான்சிஸ்டர் என்பதால் இது நடக்காது. ஆக ஹைப்ரிட் வாங்கினால் வால்வு ஆம்ப்பின் முழு குணமும் வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வருவது முன்பகுதி வால்வு சேர்க்கும் மசாலா மட்டும்.

அந்த மசாலா என்ன? டிரையோடு என்னும் இந்த மாதிரிச் சின்ன வால்வு சிக்னலைப் பெரிதாக்கும்போது கொஞ்சம் தன் கைச்சரக்கையும் சேர்க்கும், முக்கியமாக இரண்டாவது ஹார்மோனிக், அதாவது மூல ஸ்வரத்தைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் அதிரும் ஒலி. சட்ஜத்தை வாசித்தால் கூடவே மெல்லிசாக மேல் சட்ஜம் ஒலிக்கும். மூன்றாவது ஹார்மோனிக் மேல் பஞ்சமம். இரண்டுமே சுருதியோடு ஒட்டிப்போகிறவை, அதனால் காது அதைத் தப்பு என்று பிடிப்பதில்லை, குரல் கனத்திருக்கிறது, நிறைந்திருக்கிறது என்றுதான் நினைக்கும். ஏழாவது, பதினொன்றாவது மாதிரியானவை வந்தால் ஒட்டாமல் உறுத்தும். தம்புராவில் குதிரைமேல் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி வைப்பார்களே, நூல் சரியான இடத்தில் அமர்ந்ததும் ஒரே தந்தி பத்து தந்தி மாதிரி ரீங்கரிக்குமே, ஏறக்குறைய அந்த வேலைதான். ஆனால் அளவு பாருங்கள். ஒழுங்காகச் செய்த ஹைப்ரிட்டில் இது 0.1 சதவீதம் என்றால் பாட்டைவிட 60 டெசிபெல் கீழே இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சதவீதம் இருந்தாலும் 40 டெசிபெல் கீழே. வயலின் ஊசியை மழுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. என் ஹாலின் வியாதி வேறு, நான் தேடிய மருந்து வேறு. அது அப்போது புரியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு நண்பர் முழு வால்வு ஆம்ப் வைத்திருக்கிறார், ஈஎல்84 வால்வு, பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாட்ஸ். அவர் வீட்டில் கேட்டபோது உருகிப்போனேன், பொய் சொல்லவில்லை. ஒரு பழைய கச்சேரிப் பதிவில் பாடகரின் மூச்சு வாங்கும் சத்தம்கூட அறைக்குள் இருந்தது. நல்ல மனுஷர், ஒரு வாரம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பினார், கார் பின்சீட்டில் குழந்தைக்குப் போடுவதுபோல பெல்ட் போட்டுக் கொண்டுவந்தேன். என் ஸ்பீக்கரில் மாட்டி, மெதுவான பாட்டு போட்டால் அருமை. நாகஸ்வரக் கச்சேரி ஒன்று போட்டேன். தனி ஆவர்த்தனத்தில் தவில்காரர் தொப்பியில், அதாவது தவிலின் இடது முகத்தில், ஒரு அடி வைத்ததும் ஓசை தடுமாறியது. அடி விழுகிறது, ஆனால் விழவேண்டிய இடத்தில் ஒரு தலையணை இருக்கிறது. கூடவே தாளச் சத்தமும் ஒரு கணம் நசுங்கி மீண்டது.

காரணம் நான் படிக்காமல் விட்ட அந்த 86. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் என்று அதற்குப் பொருள். நான் உட்காருவது இரண்டரை மீட்டரில். தூரத்தில் போனது, அறை திருப்பித் தந்தது, இரண்டாவது ஸ்பீக்கர் சேர்த்தது எல்லாம் கூட்டிக் கழித்தால் ஒரு வாட்டுக்குக் காதில் சுமார் 83. பவரை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல்தான் கூடும், பத்து மடங்காக்கினால் 10. ஆக பத்து வாட்டுக்கு 93-ல் மூச்சு நின்றுவிடும். நான் சராசரியாகக் கேட்பது 80, ஆனால் தவில் அடி சராசரிக்கு மேல் 15, சில பதிவுகளில் 20 டெசிபெல்கூட எகிறும். 100 டெசிபெல் எகிறலுக்கு 50 வாட்ஸ் வேண்டும். நண்பரின் ஸ்பீக்கர் 92 டெசிபெல், அதனால் அவருக்குப் பத்து வாட்ஸ் போதுகிறது. இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது, நான் கோயம்புத்தூருக்கு இரண்டு தடவை போய்வந்தேன். இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்றும் தெரியும்: 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபெல், அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க யோசிக்க வேண்டும். அதைவிட 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த ஆம்ப் எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்கள். 8 ஓமுக்கு 60, 4 ஓமுக்கு 100 என்று இருந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பெரிசு. 4 ஓமைப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டால் சந்தேகப்படலாம்.

அதனால் சரி, ஹைப்ரிட்தான் எனக்குத் தோது என்று வேறு வழியாக வந்து சேர்ந்தேன், வால்வின் இனிமைக்காக இல்லை, பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டருக்காக. சந்தையில் பார்த்தால் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. இத்தாலியின் யூனிசன் ரிசர்ச் யூனிகோ, ஜெர்மனியின் வின்சென்ட், போலந்தின் டாகா ஹார்மனி, அமெரிக்காவின் ரோக் ஆடியோ ஸ்ஃபிங்க்ஸ். ஸ்ஃபிங்க்ஸில் முன்னால் 12ஏயூ7 வால்வு, பின்னால் கிளாஸ் டி, 8 ஓமுக்கு 100 வாட்ஸ். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறேன் என்பார், ஆசைப்படாதீர்கள், முதலில் பின்பக்க ஸ்டிக்கரில் வோல்ட் பாருங்கள். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட் மாடல். நம் 230-ல் நேரடியாகச் செருகினால் புகைதான், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்கினால் அது ஒரு ஐந்தாறு கிலோ, அதுவும் உறுமும். போதாக்குறைக்கு வாரன்டியும் இங்கே செல்லாது.

நான் கடைசியில் எடுத்தது செகண்ட் ஹாண்ட். மாடல் பெயரால் உங்களுக்குப் பிரயோஜனமில்லை, அது இப்போது தயாரிப்பில் இல்லை. வழக்கமான கிளாஸ் ஏபி டிரான்சிஸ்டர் வகை, 8 ஓமுக்கு 60 வாட்ஸ், முன்பகுதியில் இரண்டு 12ஏஎக்ஸ்7. விற்றவர் ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள் என்றார். இப்படிச் சொல்கிறவரிடம்தான் வாங்க வேண்டும்.

அந்த ஒரு வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என் பழைய ஆம்ப், இந்த ஹைப்ரிட் இரண்டின் சத்தத்தையும் அளந்து சமப்படுத்தியது. இரண்டு ஆம்ப்பை ஒப்பிடும்போது ஒன்று அரை டெசிபெல், ஒரு டெசிபெல் கூட இருந்தால் காது அதைச் "சத்தம் கூட" என்று சொல்லாது, "நல்லா இருக்கு, உயிரோட்டமா இருக்கு" என்று சொல்லும். கடையில் விற்பனையாளர் விலை கூடிய ஆம்ப்பின் வால்யூமை ஒரு சிட்டிகை தூக்கிவிட்டால் நம் கதை முடிந்தது. வீட்டில் செய்வது சுலபம். போனில் 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போடுங்கள், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனையில் பிடியுங்கள், முதல் ஆம்ப்பில் 2.00 வோல்ட் வந்தால் இரண்டாவதையும் 2.00-க்குக் கொண்டுவந்து வால்யூம் நாபில் பேப்பர் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் 0.1 டெசிபெல்லுக்குள் வந்துவிட்டீர்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அவ்வளவு உயரத்தில் சரியாகக் காட்டாது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஸ்பீக்கரை ஆம்ப் மாற்றி ஆம்ப் மாட்ட ஸ்விட்ச் பெட்டி செய்தால் இரண்டு கம்பியையும் சேர்த்து மாற்றும்படி செய்யுங்கள், கிளாஸ் டி ஆம்ப் பலவற்றில் கறுப்பு முனை தரை (எர்த்) கிடையாது, இரண்டு ஆம்ப்பின் கறுப்பையும் முடிச்சுப் போட்டால் வெடிக்கும். முழு வால்வு ஆம்ப்பை இந்த விளையாட்டில் சேர்க்கவே கூடாது, ஸ்பீக்கர் இல்லாமல் அது ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சரி, முடிவு. நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார, மனைவி ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டிப் போட்டு எந்த ஆம்ப் என்று முடிவு செய்து மாற்றினாள். எது ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டும். பத்துத் தடவையில் ஆறு சரி. காசைச் சுண்டினாலே ஐந்து சரியாக வரும். பெண் குரல், தம்புரா மட்டும் உள்ள ஒரு பதிவில் தனியாக இன்னொரு பத்து பார்த்தோம், எட்டு வந்தது. அதில் ஏதோ இருக்கிறது என்று நம்ப ஆசை. "எட்டுக்கா இவ்வளவு ரூபாய்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வயலின் ஊசியோ அப்படியே இருந்தது! இரண்டு ஆம்ப்பிலும். அன்றைக்கு ஒரு தற்செயல். ஊரிலிருந்து மாமியார் வருகிறார் என்று பரணிலிருந்து இறக்கிய பழைய இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்துவிட்டு ஹாலில் வலது பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் சமையலறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் வலது பக்கம் ஊசி இல்லை. இடது பக்கம் மட்டும் குத்துகிறது. மெத்தையை எடுத்தேன், வந்துவிட்டது. வைத்தேன், போய்விட்டது. மூன்று தடவை எடுத்து வைத்துப் பார்த்தபோது மனைவி கதவோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் சத்தத்தோடு சுவரிலும் டைல்ஸிலும் கண்ணாடியிலும் பட்டுத் தெறித்து வருவதும் ஒரு சில மில்லிசெகண்டில் காதுக்கு வந்து சேர்கிறது. நம் வீடுகளில் மேலைநாட்டு வீடுபோலத் தரைவிரிப்போ ஜிப்சம் சுவரோ கிடையாது, எல்லாம் கல்லும் சிமென்ட்டும், அதனால் மேல் ஸ்தாயி அடங்காமல் துள்ளும். எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும்: நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள், ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே வரட்டும், எந்த இடத்தில் உங்களுக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ அதுதான் தெறிக்கும் இடம். நான் அங்கே நான்கு இஞ்ச் கனத்தில் துணி சுற்றிய பேனல் இரண்டு செய்து மாட்டினேன், கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை, ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் பவானி ஜமுக்காளம், அதன் அடியில் இன்னொரு கனமான விரிப்பு. ஜமுக்காளம் மட்டும் போட்டால் அழகுக்குத்தான், அது மெலிசு. எல்லாம் சேர்த்து ஆன செலவு ஆம்ப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பிறகு பழைய ஆம்ப்பிலேயே வயலின் இதமாக இருந்தது. ட்ரெபிளை 2 டெசிபெல் குறைத்ததும் கோயம்புத்தூர் நினைவு வந்தது.

அப்படியானால் ஹைப்ரிட்டைத் திருப்பிக் கொடுத்தேனா? இல்லை. பழைய ஆம்ப்பின் வால்யூம் நாப் கரகரத்துக்கொண்டிருந்தது, ரிமோட் கிடையாது, இதெல்லாம் நானே சொல்லிக்கொண்ட சாக்கு. ராத்திரி விளக்கை அணைத்தால் கிரில்லுக்குள் இரண்டு பீடி நுனி. எனக்கு அது வேண்டியிருந்தது, வாங்கினேன்.

வாங்கிய பிறகு வந்த தலைவலிகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரமே ஸ்பீக்கரில் "ங்ங்ங்" என்று ஒரு ஹம். வால்வுதான் போய்விட்டது என்று பயந்து, இரண்டையும் இடம் மாற்றி, சாக்கெட்டைத் துடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கியபோது, செட்டாப் பாக்ஸில் கேபிள் டிவிக்காரர் செருகியிருந்த கோ-ஆக்ஸை எடுத்த கணத்தில் ஹம் நின்றது. தெருவிலிருந்து வரும் கேபிளின் தரையும் வீட்டு எர்த்தும் ஒன்று சேர்ந்து வட்டம் கட்டியிருக்கிறது. டிவியிலிருந்து ஆம்ப்புக்கு, வெளிச்சத்தில் சிக்னல் போகும் ஆப்டிகல் கேபிள் மாற்றினேன், தீர்ந்தது. இந்த ஹம்முக்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், சில எலெக்ட்ரீஷியன்களே அந்த யோசனை சொல்வார்கள். வால்வு இருக்கும் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் வோல்ட் நிற்கிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் இருக்கும், மூடியைத் திறக்கும் ஆசையும் வேண்டாம்.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது ஹம் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரே உறுமியது. எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தப் பிரச்சினை வராது. நான் கரண்ட் போனால் ஆம்ப்பை அணைத்துவிடுகிறேன்.

அப்புறம் பல்லி. சூடும் வெளிச்சமும் இருந்தால் பூச்சி வரும், பூச்சி இருந்தால் பல்லி வரும். ஒரு நாள் காலையில் கிரில்லுக்குள் வால் தெரிந்தது. தட்டித் தட்டி வெளியே வரவைப்பதற்குள் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. இப்போது கேட்காத நேரத்தில் மேலே மெல்லிய கொசுவலைத் துணி போட்டு மூடிவிடுகிறேன், ஆம்ப்பைப் போடும்போது எடுத்துவிட வேண்டும், மேலே ஒரு ஜாண் இடமாவது காற்றுக்கு விட வேண்டும், ஷோகேஸுக்குள் அடைத்தால் வால்வும் பாழ், கெப்பாசிட்டரும் பாழ்.

வால்வு மாற்றிப் பார்க்கும் கிறுக்கும் ஒரு மாதம் பிடித்தது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் 1961-லிருந்து ரேடியோ வால்வுகள் செய்திருக்கிறார்கள், அந்தக் காலத்துச் சரக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கடையில் அட்டைப்பெட்டியோடு கிடைத்தது. ஒரு ஜோடி வாங்கிவந்து மாட்டினேன். ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்றைப் பென்சிலால் லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் "டிங்" என்று மணி அடித்தது, மைக்ரோஃபோனிக் ஆகிவிட்ட வால்வு. பெரியப்பாவின் மாட்டு வண்டி ஞாபகம் வந்தது. இப்போது உள்ளே இருப்பது ஸ்லோவாக்கியாவில் செய்த ஜேஜே. சின்ன சிக்னல் வால்வு சாதாரணமாக ஐயாயிரம், பத்தாயிரம் மணி நேரம் வரும், தினம் மூன்று மணி நேரம் கேட்டாலும் நான்கைந்து வருஷத்துக்குக் கவலையில்லை. 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில் 12ஏயூ7 செருகலாமா என்று கேட்பார்கள், காலெல்லாம் பொருந்தும், ஆனால் முதலாவது நூறு மடங்கு பெருக்கும், இரண்டாவது இருபது மடங்குகூட முழுசாக இல்லை. சத்தம் குறைந்ததை "சாந்தமாகிவிட்டது" என்று நினைத்து நானும் ஒரு வாரம் ஏமாந்தேன்.

போன தைப்பொங்கலுக்கு மறுவாரம் பெரியப்பா ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் வீட்டுக்கு வந்தார். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, நேராக ஆம்ப்பிடம் போய்க் குனிந்து பார்த்தார். நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். தவில் அடி நெஞ்சில் விழுந்தது. தனி முடியும்வரை ஒன்றும் பேசவில்லை, விரல் மட்டும் முழங்காலில் தாளம் போட்டது. அப்புறம் எழுந்து போய் ஆம்ப்புக்கு மேல், அடுப்பில் சூடு பார்ப்பதுபோல, உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"என்னலே, சூடே இல்ல?" என்றார். "எங்க செட்டுல இட்லியே அவிக்கலாம்."

கையை எடுக்காமலேயே, "அந்தத் தனிய இன்னொரு மட்டம் போடு" என்றார்.